பொக்ஸ் ரூமைக் காலி செய்வோமா?

கடந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வாலிபர் ஐக்கியக் கூட்டம் முடிந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது எங்களில் ஒருவர் சொன்னார்: "போதகர் ஐயா போன மாதம் சொன்ன அதே கதையைத்தான் இந்த ஞாயிறும் சொன்னார், கவனித்தீர்களா?" எல்லாரும் சிரித்தோம். கவனித்திருந்தோம். பிரசங்கத்தின் கடைசிப் பகுதி அவசரமாக முடிந்ததையும், ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய சுருக்கம் வராமலே போனதையும்கூடக் கவனித்திருந்தோம். குறை கண்டுபிடிப்பதில் நாங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

மூன்று கிழமை கழித்து, டிசம்பர் முதல் சனிக்கிழமை, கரோலுக்குக் கீபோர்ட் எடுப்பதற்காக எங்களில் நாலு பேர் போதகர் ஐயா வீட்டுக்குப் போனோம். மாலை ஏழரை மணி. சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையில் லப்டொப். அதன் பக்கத்தில் தமிழ் வேதாகமம், ஆங்கில வேதாகமம், ஒரு தடித்த விளக்கவுரை, கொப்பி. மற்ற மூலையில் சின்ன மகளின் கணக்குப் புத்தகம். நடுவில் வெட்டிவைத்த வெங்காயத் தட்டு. ரி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் இல்லை. பிள்ளைகள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீபோர்ட் மேல்மாடியில் பொக்ஸ் ரூமில் இருந்தது. கதவு பாதிதான் திறந்தது. உள்ளே மடிக்கும் கதிரைகள் 24, இரண்டு ஸ்பீக்கர், மைக் தாங்கிகள், ஞாயிறு பாடசாலைக் காகிதப் பெட்டிகள், ஐக்கிய விருந்துக்குச் சோறு சமைக்கும் மூன்று பெரிய பாத்திரங்கள், மேய்ப்பர்களின் அங்கிகள், சாஸ்திரிகளின் கிரீடங்கள், ஏழடி நத்தார் மரம். எல்லாம் சபையின் சாமான். பெரும்பாலானவை நாங்களே "ஐயா, இந்தக் கிழமை மட்டும் வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டு வைத்தவை. கீபோர்ட் எல்லாவற்றுக்கும் பின்னால். ஐயாவும் எங்களோடு சேர்ந்து கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நடைபாதையில் வைத்தார், பிறகு திரும்ப உள்ளே அடுக்கினார். கீழே இறங்கி வரும்போது எட்டே கால். மேசையிலிருந்த புத்தகங்களை அம்மா மூடி எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். பிள்ளைகள் சாப்பிடவேண்டுமே.

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஐயா வாரத்தில் மூன்று நாள் வெளிவேலைக்குப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். இலண்டனில் வாடகை மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் கூடும் எத்தனையோ தமிழ்ச் சபைகளின் ஊழியர்கள் நிலைமை இதுதான். மற்ற நாட்களில் வைத்தியசாலை, வீடு சந்திப்பு, குடிவரவு வழக்குகளுக்குக் கடிதம் எழுதுதல், திருமண ஆலோசனை. ஆகவே பிரசங்க ஆயத்தத்துக்கு மிஞ்சுவது வியாழன் காலையும் சனி மாலையும். அந்தச் சனி மாலையில் முக்கால் மணிநேரத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். ஞாயிறு பிரசங்கம் அவசரமாக முடிந்தால் குறை சொல்லப்போகிறவர்களும் நாங்கள்தான்.

எனவே எங்கள் கருத்தை இந்தப் பக்கத்தில் வெளிப்படையாக வைக்கிறோம். போதகரின் வீட்டில் அவருக்குப் படிப்பதற்கும் ஜெபிப்பதற்கும் ஓர் அறை வேண்டும். அதைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. நாங்கள் அபகரித்து வைத்திருக்கும் அறையைத் திருப்பிக் கொடுத்தாலே போதும்.

மேசை இருக்கிறதே, அதில் படித்தால் என்ன என்று கேட்கலாம். சாப்பாட்டு மேசையின் குறை அதன் அளவு அல்ல. ஒரு நாளைக்கு மூன்று முறை அதைக் காலி செய்யவேண்டும் என்பதுதான். எங்களில் ஏ லெவல் எழுதியவர்களுக்கு இது விளங்கும். பாதி எழுதிய கட்டுரையை, திறந்து வைத்த நாலு புத்தகங்களோடு அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் அதே இடத்தில் வந்து உட்காருவது வேறு. எல்லாவற்றையும் மூடி, அடுக்கி, மறுபடி விரித்து, எங்கே விட்டோம் என்று தேடுவது வேறு. அதுவும் எங்கள் சபையில் பிரசங்கம் ஒன்றல்ல, ஒன்றரை. அம்மம்மாமாருக்குப் பழைய திருப்புதலின் வசனம் மனப்பாடம். ஒரு சொல் மாறினாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் தம்பி தங்கைகளுக்கோ எளிய ஆங்கிலத்தில் சொன்னால்தான் ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, இந்தச் சொல்லை அங்கே எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேண்டிய மனிதருக்கு, விரித்த புத்தகம் விரித்தபடி கிடக்கக்கூடிய ஓர் இடம் வேண்டாமா?

சூனேம் ஊர் ஸ்திரீயின் கதை ஞாயிறு பாடசாலையில் படித்ததுதான். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். எலிசா தீர்க்கதரிசி அந்த வழியாய்ப் போகும்போதெல்லாம் அவள் சாப்பாடு கொடுத்தாள். சாப்பாடு கொடுப்பதோடு நாங்கள் நிற்போம். அதில் தமிழரை யாரும் வெல்ல முடியாது. அவள் நிற்கவில்லை. தன் புருஷனோடு பேசி, மேலே ஒரு சிறிய அறை கட்டி, அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நாலு பொருட்களை வைத்தாள். எலிசா இதைக் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. போக்குவரத்தைப் பார்த்து அவளே தேவையைக் கண்டுகொண்டாள். விளக்கை எதற்கு வைத்தாள் என்றும் எழுதப்படவில்லை. ஆனாலும் மேசையும் விளக்கும் தூங்குவதற்கு மட்டும் வரும் விருந்தாளிக்கு வைக்கும் பொருட்களாகத் தெரியவில்லை.

கேட்டு வாங்கிய ஊழியரும் உண்டு. பவுல் காவலில் இருந்துகொண்டு, மாரிகாலம் வருமுன் வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார். குளிருக்குப் போர்வை, படிக்கப் புத்தகம். முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த மனிதர் கேட்டவை அவை.

போன கோடை விடுமுறையில் நாங்கள் சிற்றி றோட்டில் உள்ள ஜோன் வெஸ்லியின் வீட்டைப் பார்க்கப் போனது நினைவிருக்கும். 1779இல் கட்டிய வீடு. 1791இல் இறக்கும்வரை, பயணம் இல்லாத காலங்களில் அங்கேதான் இருந்தார். படுக்கையறையிலிருந்து திறக்கும் ஒரு குட்டி ஜெப அறை அங்கே இருக்கிறது. எங்களில் மூன்று பேர் சேர்ந்து நின்றால் நெருக்கம். எங்கள் பொக்ஸ் ரூம் அதைவிடப் பெரிது என்று அப்போதே ஒருவர் பகிடி விட்டார். ஆனால் அதே குழுவில் இன்னொருவர் நியாயமான ஒன்றைக் கேட்டார்: வெஸ்லி குதிரை மேலிருந்தே புத்தகம் வாசித்தவர், அறை எதற்கு? உண்மைதான். வாழ்நாளின் பெரும்பகுதி குதிரை மேல் கழிந்தது, வாசிப்பும் அங்கேதான். எங்கள் போதகரும் இரயிலில் வாசிக்கிறார். அப்படிப்பட்ட வெஸ்லியும் வீட்டுக்கு வந்தால் கதவை மூடிக்கொள்ள ஒரு சிறு இடம் வைத்திருந்தார் என்பதைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

இந்த யோசனையைச் செயற்குழுவில் மெல்ல எடுத்தபோது வந்த மறுப்புகளையும் மறைக்கக் கூடாது. "ஊரில் எங்கள் போதகர்மார் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் படித்துத்தான் பிரசங்கித்தார்கள்" என்றார் ஒரு மாமா. சரி. ஆனால் எங்களில் ஒருவரின் அம்மம்மா மிஷன் வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அவர் சொன்னது: அந்த வீட்டின் முன்விறாந்தையோடு சேர்ந்து ஓர் அறை இருந்தது, அதற்குள் பிள்ளைகள் போகக்கூடாது, அங்கே ஐயரின் மேசையும் புத்தக அலுமாரியும் இருந்தன. லாம்பு இருந்தது உண்மை; அது ஒரு தனி மேசையில் இருந்தது என்பதும் உண்மை. இந்த நாட்டிலும் இங்கிலாந்துத் திருச்சபை தன் குருமனைகளுக்கு வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டி, படிப்பறை முன்வாசலுக்கு அருகில் இருக்கவேண்டும், குடும்பம் புழங்கும் பகுதிக்குள் போகாமலே வருகிறவர் அதற்குள் நுழையக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. எங்கள் மண்டபத்துக்குச் சொந்தக்காரரான ஆங்கிலச் சபைக்கு அது சாதாரண விஷயம். நாங்கள்தான் வாடகைக்கு வீடு பிடிக்கும்போது படுக்கையறை எத்தனை என்று எண்ணுகிறோம், குசினியைப் பார்க்கிறோம், பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலித்தது. "நாங்களே இரண்டு அறை பிளாட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். என் பிள்ளை கட்டிலில் இருந்துதான் படிக்கிறான். போதகருக்கு மட்டும் தனியறையா?" இதைச் சொன்னவர் பொறாமையில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னார். எங்களில் சிலர் ஜிசிஎஸ்ஈ காலத்தில் நகரசபை நூலகம் பூட்டும்வரை அங்கேயே இருந்து படித்தவர்கள். இடமில்லாமல் படிப்பது என்ன என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறோம். போதகர் மற்றவர்களைவிட வசதியாக இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அவர் அந்த மேசையில் செய்கிற வேலை எங்கள் எல்லாருக்குமான வேலை. அந்த அறையைச் சபை தன் கதிரைகளுக்குக் கொடுக்க முடியுமென்றால், தன் வேலைக்காகவும் கொடுக்கலாம்.

நூலகத்துக்கோ கோப்பிக் கடைக்கோ போகலாமே என்பது மூன்றாவது. படிக்கலாம், ஆனால் தொலைபேசி? ஒரு வீட்டில் கணவன் மனைவிக்குள் என்ன நடக்கிறது, யாருடைய விசா மறுக்கப்பட்டது, யாருக்கு என்ன நோய் என்று சனங்கள் போதகரிடம்தான் சொல்கிறார்கள். இப்போது அந்த அழைப்புகளை அவர் எங்கே எடுக்கிறார் தெரியுமா? மாடிப்படியில் இருந்து, அல்லது காருக்குள். உங்கள் வீட்டு விஷயம் சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்யும் பிள்ளையின் காதில் விழவேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்களா? அங்கத்தவர் பட்டியல், ஞானஸ்நானப் பதிவுகள், ஆதரவுக் கடிதங்களின் பிரதிகள் எல்லாம் பூட்டக்கூடிய ஓர் அலுமாரியில் இருக்கவேண்டியவை. இந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சபைக்கும் பொருந்தும்.

அம்மாவிடம் முதலில் கேட்டோம். அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் ஓர் அறையை நாங்கள் மாற்றியமைப்பது முறையல்ல. "எனக்கு முதலில் என்னுடைய மேசை திரும்ப வேண்டும்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார்: சனிக்கிழமை மாலை முழுவதும் "சத்தம் போடாதே, அப்பா பிரசங்கம் ஆயத்தம் செய்கிறார்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். தேவனுடைய வார்த்தை என்றால் ரி.வி. சத்தத்தை நிறுத்துகிற ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறதாம். இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. இன்னொன்றும் சொன்னார். ஐயா உட்கார்ந்து ஆயத்தம் செய்கிறவர் அல்ல, நடந்து நடந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறவர். ஆகவே அறையைச் சாமானால் நிரப்பாதீர்கள், நாலு அடியாவது நடக்க இடம் விடுங்கள். நாங்கள் வரைந்து வைத்திருந்த படத்தில் பெரிய மேசை, இரண்டு அலுமாரி, விருந்தினருக்குக் கதிரை எல்லாம் இருந்தன. அன்றிரவே படத்தைத் திரும்ப வரைந்தோம்.

இப்போதுள்ள திட்டம் இது. மேசை யன்னலுக்குப் பக்கவாட்டில், வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி. யன்னலுக்கு நேரே வைத்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் யன்னல் வந்தால் லப்டொப் திரை மின்னும், காணொளி அழைப்பில் முகம் கறுப்பாகத் தெரியும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் நல்ல மேசை விளக்கு ஒன்று. கதிரையில் மட்டும் காசு பார்க்கக்கூடாது. இடம் மாறுகிற அலுவலகங்கள் விற்கிற பழைய கதிரைகள் கடையில் வாங்கும் மலிவான புதிய கதிரையைவிட நல்லவை. வீடு முழுவதையும் சூடாக்காமல் அந்த ஓர் அறையை மட்டும் சூடாக்க எண்ணெய் நிரப்பிய சிறு ஹீற்றர்.

புத்தக அலுமாரி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் பிழை விடுவோம். ஐயாவின் புத்தகங்களில் பாதி கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் பயணப்பெட்டியில் வந்தவை. உடுப்பைக் குறைத்துக்கொண்டு புத்தகம் கொண்டுவந்த ஆட்களை எங்களுக்குத் தெரியும். இப்போது அவை கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் கிடக்கின்றன, சிலவற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஆகவே அலுமாரி வெளிச்சுவரில் சாயக்கூடாது. உள்சுவர்ப் பக்கம், அதுவும் இரண்டு விரல் இடைவெளி விட்டு. ஒரு மீற்றர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 25, 30 கிலோ வரும், மெல்லிய நீளப் பலகை ஒரு வருஷத்தில் வளைந்துவிடும், ஆகவே அகலம் குறைந்த அலுமாரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் அதைச் சுவரோடு பிணைக்கவேண்டும். துளையிட வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேட்போம்.

அறை மேல்மாடியில் இருப்பதால் ஆட்களைச் சந்திப்பது அங்கே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். வருகிறவர்கள் கீழே முன்னறையிலேயே இருக்கட்டும். முக்கியமாகப் பிள்ளைகளும் எங்கள் வயதினரும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியே எந்தப் பெரியவரோடும் இருக்கும்படி எந்த அறையையும் அமைக்கக்கூடாது. அது எங்களுக்கும் பாதுகாப்பு, ஊழியருக்கும் பாதுகாப்பு.

ஆனால் மேசையும் கதிரையும் எளிது. ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், போன சனிக்கிழமை ஐயாவை யார் யார் அழைத்தீர்கள் என்று கேட்டோம். ஏழு கைகள் உயர்ந்தன. பாட்டின் சுருதி என்ன, மண்டபத்தின் வைஃபை கடவுச்சொல் என்ன, என்னை ஏற்றிக்கொண்டு போக யார் வருகிறார், ஹீற்றரின் கோட் நம்பர் என்ன. ஒருவர்கூட ஜெபத்துக்காக அழைக்கவில்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை இதே சிக்கலில் ஏழு பேரைத் தெரிந்துகொண்டு பந்தி விசாரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. எங்களுக்கும் சரியாக ஏழு பேர் அகப்பட்டார்கள்! அந்த ஏழு பேரும் இனி முறை வைத்து மண்டப விஷயங்களுக்குப் பதில் சொல்வார்கள். வியாழன் காலையும், சனி மாலை ஐந்து மணிக்குப் பிறகும், மரணம், வைத்தியசாலை, உண்மையான அவசரம் தவிர ஐயாவை அழைக்கவேண்டாம் என்று குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

கதவை மூடிக்கொண்டால் போதகர் சனங்களை மறந்துவிடுவாரோ என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. நியாயமான பயம். புத்தகத்துக்குள் புதைந்து, வாசலில் நிற்பவரைக் காணாத ஊழியரைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அம்மம்மா வைத்தியசாலையில் கிடக்கும்போது போதகர் வராவிட்டால் முதலில் கோபப்படுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் எங்கள் ஐயாவின் நிலைமை அதற்கு நேர் எதிரானது. வீடு சந்திப்புக்கு அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. பிந்துவது அவருடைய சொந்த வாசிப்புத்தான்.

செலவை வாலிபர் ஐக்கியம் ஏற்கும். கரோல் பணத்தைத் தொடமாட்டோம், அது ஏற்கெனவே வாக்குக் கொடுத்த இடத்துக்குப் போகும். ஈஸ்டருக்கு முன் இரண்டு சனிக்கிழமை காலைகளில் மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில் கார் கழுவுவோம், உங்கள் காரை அதுவரை கழுவாமல் கொண்டுவாருங்கள். மேசை ஒன்றை ஒரு குடும்பம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. தச்சுவேலை தெரிந்த ஒரு அங்கிள் அலுமாரிக்கு உதவுகிறார்.

சாமான்களில் ஸ்பீக்கர்களையும் கீபோர்டையும் மண்டபத்திலேயே பூட்டிவைக்க ஆங்கிலச் சபை ஓர் அலுமாரி தர இணங்கியிருக்கிறது. பாத்திரங்கள் இரண்டு வீடுகளுக்குப் போகின்றன. மேய்ப்பர் அங்கிகளை ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர் எடுத்துக்கொண்டார், சாஸ்திரிகளின் கிரீடங்கள் நசுங்கிவிட்டன, புதிதாகச் செய்யவேண்டும். கதிரைகளில் 16க்கு இடம் கிடைத்துவிட்டது. மிச்சம் எட்டுக் கதிரைகளும் நத்தார் மரமும். மரத்தின் பெட்டி கிழிந்துவிட்டது, ஆனால் மூன்று துண்டாகக் கழற்றலாம். கராஜிலோ லோஃப்டிலோ இடமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேத்தண்ணி மேசையடியில் எங்களிடம் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு வந்து வைப்பது எங்கள் வேலை.